சின்ன ஹோட்டலில் விருந்தினர் வைஃபை: தேக்கா வட்டார உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தேக்காவைச் சுற்றியுள்ள கடைவீடுகளில் பத்து அறை, இருபது அறை வைத்து நடத்தும் ஹோட்டல்களுக்கு வைஃபை அமைத்துக் கொடுப்பதும், அமைத்த பிறகு அதைப் பார்த்துக்கொள்வதும் என் தொழில். ‘மோட்டல் வைஃபை’ என்று தேடினால் கிடைக்கும் வழிகாட்டிகள் நெடுஞ்சாலையோரம் தரையோடு தரையாக வரிசை கட்டிய அறைகளை மனத்தில் வைத்து எழுதியவை. நம் கட்டடம் அப்படியில்லை. முகப்பு குறுகல், உள்ளே நீளம், நடுவில் காற்றும் வெளிச்சமும் வர மேல்வரை திறந்துவிட்ட காற்றுக்கூடம், இரு பக்கமும் கனத்த செங்கல் சுவர். ஆகவே நம் ஊருக்கென்று இதை எழுதுகிறேன்.

ஒரு கிகாபிட் லைன் போட்டிருக்கிறேன். அப்புறமும் விருந்தினர் ஏன் குறை சொல்கிறார்கள்?

டன்லப் ஸ்திரீட் பக்கம் 22 அறை ஹோட்டல் ஒன்று. உரிமையாளர் கேட்ட கேள்வி இதேதான். கவுன்டரில் என் போனை வைத்துச் சோதித்தேன், 900 மெகாபிட்டுக்கு மேல் வந்தது. ‘பாத்தீங்களா, லைன் நல்லாத்தானே இருக்கு’ என்றார். சரி என்று மாடி ஏறினேன். இரண்டாம் மாடிப் படிக்கட்டில், கீழிருந்து மூன்றாவது படியில், புதுக்கோட்டையிலிருந்து சரக்கெடுக்க வந்த ஒருவர் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து மகளோடு பேசிக்கொண்டிருந்தார். ‘அப்பா, உங்க மூஞ்சி அப்படியே நிக்குது’ என்று அந்தப் பிள்ளை சொன்னது எனக்கே கேட்டது. ஒரு நாளைக்கு இவ்வளவு வெள்ளி என்று வாடகை கொடுத்துத் தங்குகிறவர், வீட்டோடு பேசுவதற்குப் படிக்கட்டில் வந்து உட்கார வேண்டியிருக்கிறது. எனக்கு அன்றைக்கு மனசு ஆறவில்லை.

லைனில் குறையே இல்லை. கவுன்டருக்குப் பின்னால் இருந்த ஒரே ரௌட்டரின் அலை, இரண்டு சுவரையும் ஒரு குளியலறையையும் தாண்டி அந்த அறைக்குப் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான். லைனின் வேகத்துக்கு மாதாமாதம் கூடுதலாகக் கட்டுவதற்கு முன், அந்தப் பணத்தைக் கம்பிக்கும், அறைகளுக்கு அருகே வைஃபை அலையைப் பரப்பும் பெட்டியான அக்சஸ் பாயிண்டுக்கும், பராமரிப்புக்கும் கொடுங்கள். இதை எல்லா உரிமையாளரிடமும் சொல்கிறேன்.

அப்படியானால் எவ்வளவு வேகம்தான் வேண்டும்?

கணக்குப் போட்டுவிடலாம். 22 அறை, அறைக்கு இரண்டு பேர், ஆளுக்கு இரண்டு கருவி. ஹோட்டல் நிறைந்த நாளில் 90 கருவி வரும். இரவு எட்டு முதல் பதினொன்று வரைதான் நெருக்கடி. அப்போதும் எல்லாரும் ஒரே நேரத்தில் படம் பார்ப்பதில்லை. முப்பது பேர் பார்த்தால், முழு எச்டி படத்துக்கு ஆளுக்கு 5 மெகாபிட் வீதம் 150 மெகாபிட். வீடியோ அழைப்புக்கு அதைவிடக் குறைவு. ஒரு கிகாபிட் லைன் உங்களுக்குத் தாராளம். பத்து கிகாபிட் விளம்பரத்தைப் பார்த்து அசந்துவிடாதீர்கள்.

ஆனால் ஒரு கருவிக்கு 20 மெகாபிட் என்று உச்சவரம்பு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆள் பெரிய கோப்பை இறக்கும்போது பக்கத்து அறைக்காரர் திண்டாடுவார்.

வீட்டுத் திட்டம் மலிவாக இருக்கிறதே, அதையே ஹோட்டலுக்குப் போடலாமா?

வேண்டாம். வீட்டுத் திட்டத்தின் விதிமுறைகளைப் படித்துப் பாருங்கள், அது வீட்டுப் பயன்பாட்டுக்கு என்று எழுதியிருக்கும். அதைவிட முக்கியம், லைன் அறுந்தால் யார் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பது. சுவரில் இருக்கும் ஃபைபர் முனைப்பெட்டி வரைக்கும் உள்ள இழை பெரும்பாலும் நெட்லிங்க் உடையது. அதன் மேல் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 போன்றவர்கள் சேவை விற்கிறார்கள். வணிகத் திட்டம் எடுக்கும்போது, பழுது நீக்க ஒப்புக்கொள்ளும் நேரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்று பெட்டி மெஷ் வாங்கி வைத்தால் கம்பி இழுக்கும் செலவு மிச்சம்தானே?

வீட்டுக்குச் சரி. ஹோட்டலுக்கு ஆகாது. கம்பியில்லாத மெஷ்ஷில் ஒரு பெட்டி, வாங்கிய தகவலை அடுத்த பெட்டிக்கு அதே காற்றில் திரும்ப அனுப்புகிறது. ஒரே ரேடியோவில் அதைச் செய்தால், ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். நம் கடைவீட்டின் செங்கல் சுவர் வேறு நடுவில் நிற்கிறது. பின்கட்டு அறைக்குப் போய்ச் சேரும்போது மிஞ்சுவது சொற்பம்.

ஒவ்வொரு அக்சஸ் பாயிண்டுக்கும் சுவிட்சிலிருந்து (ரௌட்டரின் லைனைப் பல கம்பிகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) தனியாக ஒரு கேட் 6 நெட்வொர்க் கம்பி போக வேண்டும். அதே கம்பியிலேயே மின்சாரமும் போகும். பிஓஇ என்பது இதுதான். கூரையோரத்தில் தனி பிளக் பாயிண்ட் தேடத் தேவையில்லை. ஒரு கம்பி 100 மீட்டர் வரை போகலாம், எந்தக் கடைவீட்டுக்கும் அது போதும்.

பழைய கடைவீட்டில் எங்கே கம்பி இழுப்பது? சுவரைத் துளைக்க விடுவார்களா?

லிட்டில் இந்தியா 1989-லேயே பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்ட கட்டடங்கள் இவை. முகப்பில் கை வைக்காதீர்கள். அஞ்சடி நடைபாதைக்கு மேலே முகப்போடு கம்பியைத் தொங்கவிடுவது பார்க்கவும் அசிங்கம், வம்பும் வரும். உள்ளே வேலை செய்வதற்கும் கட்டட உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நான் எப்போதும் காற்றுக்கூடத்தைத்தான் முதலில் பார்ப்பேன். தரைத்தளத்திலிருந்து கூரை வரை நேராக ஏறும் வழி அது. மழைத்தண்ணீர்க் குழாயின் பக்கமாகக் கம்பிகளை மூடிக் கொண்டுபோகும் ஒரு பிவிசி டிரங்கிங், அதிலிருந்து மாடிக்கொரு கிளை. மின்கம்பி போகும் டிரங்கிங்கிலேயே கேட் 6-ஐயும் திணிக்கச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனி வழி வேண்டும். வெயில், மழை படும் இடத்தில் வெளிப்புறத்துக்கென்றே உள்ள கம்பியைப் போடுங்கள். சாதாரணக் கம்பியின் மேலுறை வெயிலில் வெடித்துவிடும். நம் ஊரில் ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாள் இடி மின்னல் உண்டு. மொட்டைமாடிக்கு அக்சஸ் பாயிண்ட் வைத்தால் அந்தக் கம்பிக்கு மின்னல் தடுப்பான் அவசியம்.

ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் எண் ஒட்டச் சொல்லுங்கள். ‘304 படுக்கைப் பக்கம்’ என்று தமிழில் எழுதினாலும் போதும். இதற்கு ஆகும் நேரம் கால் மணி. எழுதாமல் விட்ட இடத்தில் பின்னால் வருகிறவன் ஒரு முழு நாளைத் தொலைப்பான், அந்தக் கூலியை நீங்கள்தான் கொடுப்பீர்கள்.

அக்சஸ் பாயிண்டை நடைவழியில் வரிசையாக மாட்டினால் போதாதா?

எல்லாரும் செய்கிற தவறு இது. நடைவழியில் மாட்டினால் பெட்டிகள் ஒன்றையொன்று நன்றாகக் கேட்கும், விருந்தினரின் போனுக்குத்தான் கேட்காது. அறையில் நுழைந்ததும் குளியலறை, அதன் ஓடு, நிலைக்கண்ணாடி எல்லாம் கதவுப் பக்கமாகவே இருக்கின்றன. அலை அங்கேயே அடிபட்டுவிடுகிறது. கட்டில் இருப்பது அதற்கும் அப்பால்.

இரண்டு அறைக்கு ஒன்று என்று அறைக்குள்ளேயே வைப்பது நல்லது. சுவரில் சுவிட்ச் பலகை அளவில் பொருத்துகிற சின்னப் பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன. பழைய மரத்தளம் இருக்கும் கட்டடத்தில் மாடிக்கு மாடி அலை எளிதாக இறங்கும். அதனால் மேல்மாடிப் பெட்டியை ஒரு பக்கமும் கீழ்மாடிப் பெட்டியை மறு பக்கமும் மாற்றி மாற்றி வைத்தால் எண்ணிக்கையைக் குறைக்கலாம்.

பிறகு, பெட்டிகளின் அலை சக்தியைக் குறையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். பக்கத்துக் கடை, எதிர்ச் சாப்பாட்டுக்கடை, மாடி அலுவலகம் என்று சிராங்கூன் சாலையில் ஒரு போனைத் திறந்தால் ஐம்பது பெயர் தெரியும். அதனால் பாதிப் பெட்டிகளில் 2.4-ஐ அணைத்துவிட்டு 5 கிகாஹெர்ட்ஸை நம்புங்கள். அதிலும் சேனல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வைக்க வேண்டாம். அகலத்தை 160 ஆக்கினால் சோதனையில் எண் பெரிதாகத் தெரியும், ஹோட்டல் நிறைந்த இரவில் எல்லாரும் தவிப்பார்கள்.

வெளிநாட்டு இணையக் கடையில் பெட்டி பாதி விலை. வாங்கலாமா?

இங்கே விற்கும் கருவிக்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமான ஐஎம்டிஏவின் பதிவு இருக்கும். வேறு நாட்டுக்கென்று செய்த பெட்டியில் சேனலும் சக்தியும் மாறுபடும், உத்தரவாதமும் இங்கே செல்லாது. நமக்கு சிம் லிம் ஸ்குவேர் நடக்கிற தூரம்தான். பெட்டி கெட்டால் அன்றே மாற்றிக்கொள்ளலாம்.

சில நாள் புது விருந்தினருக்கு மட்டும் நெட் கிடைப்பதில்லை. ரௌட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. என்ன காரணம்?

இதைக் கண்டுபிடிக்க எனக்கே ஒரு முறை மூன்று நாள் ஆனது. கின்டா ரோடு பக்கம் ஒரு தங்கும் விடுதி, அறைக்கு எட்டுக் கட்டில். திங்கள், செவ்வாய் நன்றாக இருக்கும். வெள்ளிக்கிழமை வந்தால், ஏற்கெனவே இருப்பவருக்கு நெட் ஓடும், புதிதாக வருகிறவருக்கு வைஃபை சின்னம் வரும், ஆனால் எதுவும் திறக்காது. கவுன்டரில் இருந்த தம்பி பெட்டியைப் பிடுங்கிச் செருகுவதை வழக்கமாகவே வைத்திருந்தார்.

ரௌட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி, அதாவது நெட்டுக்குப் போக வேண்டிய ஓர் எண், கொடுக்கிறது. அந்தப் பெட்டியில் 100 முகவரிதான் ஒதுக்கியிருந்தது. ஒரு தடவை கொடுத்தால் ஏழு நாள் வரை அந்தக் கருவியின் பெயரிலேயே நிற்கும்படி அமைப்பு. விருந்தினர் ஊருக்குப் போய்விட்டார், அவருடைய முகவரி இங்கேயே இருக்கிறது. வாரக்கடைசிக்குள் நூறும் தீர்ந்துவிடும். போதாக்குறைக்கு, 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) மறைத்து, நெட்வொர்க்குக்கு ஒரு பொய் முகவரியைக் காட்டுகின்றன. நெட்வொர்க்கை மறந்துவிட்டுத் திரும்பச் சேரும் போன் புது ஆளாகவும் வந்து இன்னொரு முகவரியை வாங்கிக்கொள்ளலாம்.

மருந்து எளிது. முகவரித் தொகுப்பை ஆயிரம் அளவுக்குப் பெரிதாக்கி, ஒரு முகவரி ஒரு கருவியின் பெயரில் நிற்கும் குத்தகை நேரத்தை நாலு மணி நேரமாகக் குறைத்தேன். பத்து நிமிட வேலை. அந்தப் புகார் அதோடு நின்றது.

கவுன்டர் கணினியும் கேமராவும் விருந்தினர் வைஃபையிலேயே இருக்கின்றன. பரவாயில்லையா?

இன்றைக்கே பிரியுங்கள். விருந்தினர், அலுவலகம், கேமரா, கார்டு தேய்க்கும் கருவி ஒவ்வொன்றும் தனித் தனி விலான். கம்பி ஒன்றே, உள்ளே தடுப்புச் சுவர் போட்டதுபோல. விருந்தினர் பக்கத்தில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி தனிமைப்படுத்தலையும் போடுங்கள். இதைச் செய்யாத ஒரு ஹோட்டலில் 201-இல் படுத்துக்கொண்டே நான் கவுன்டரின் பிரிண்டரையும் கேமராப் பெட்டியின் நுழைவுப் பக்கத்தையும் திறந்து உரிமையாளருக்குக் காட்டினேன். கேமராவின் கடவுச்சொல் பெட்டியோடு வந்ததே மாறாமல் இருந்தது. அங்கே தங்கும் குடும்பங்கள் வந்துபோகும் படம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. இதில் சமரசமே கூடாது.

தனிமைப்படுத்தினால் போனிலிருந்து அறை டிவிக்குப் படம் அனுப்ப முடியவில்லையே?

ஆமாம், முடியாது. அறைக்கொரு குழுவாகப் பிரிக்கும் வசதி உள்ள அமைப்பு வாங்கினால் அந்த அறை டிவியும் அந்த அறை போனும் மட்டும் பேசிக்கொள்ளும். இல்லையென்றால் டிவிக்கு ஒரு எச்டிஎம்ஐ கம்பியைத் தொங்கவிடுங்கள்.

வைஃபையில் சேர்ந்ததும் விருந்தினர் போனில் திறக்கும் நுழைவுப் பக்கம் வைப்பதா, கடவுச்சொல் மட்டும் கொடுப்பதா?

நான் அறைக்கொரு கடவுச்சொல் கட்சி. வைஃபை பெயர் ஒன்று, ஆனால் 305-க்கு ஒரு கடவுச்சொல், 306-க்கு வேறு. அறையைக் காலிசெய்ததும் அது செல்லாமல் போகும். யூனிஃபை, ஓமடா போன்ற கட்டுப்பாட்டு மென்பொருள்களில் இதற்கு வழி உண்டு. சாவியோடு கொடுக்கும் அட்டையில் க்யூஆர் அச்சடித்துவிட்டால், எழுத்துக்கூட்டித் தட்டத் தெரியாத பெரியவரும் கேமராவைக் காட்டிச் சேர்ந்துவிடுவார்.

நுழைவுப் பக்கம் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பூட்டில்லாத வைஃபையில் பக்கத்தை மட்டும் வைத்தால் காற்றில் போகும் தகவலுக்கு வைஃபை தரும் மறைகுறியாக்கம் இல்லை. போன் மேக் முகவரியை மாற்றினால் திரும்பத் திரும்பப் பெயர் கேட்கும். பல டிவிகளிலும் சில விளையாட்டுப் பெட்டிகளிலும் அந்தப் பக்கம் சரியாகத் திறக்காது. விதிமுறைகளுக்கு ஒப்புதல் வாங்கியே ஆக வேண்டும் என்றால் பக்கத்தைச் சிறியதாக வையுங்கள். தமிழ், ஆங்கிலம், சீனம், வங்காளம் நான்கிலும் இரண்டு வரி, ஒரு பொத்தான், போதும்.

நுழைவுப் பக்கத்தில் பாஸ்போர்ட் எண், போன் எண் வாங்கி வைத்தால் பின்னால் உதவுமே?

உபத்திரவம்தான் வரும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நிறைவேறியது, தரவுப் பாதுகாப்பு விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்பில் உள்ளன. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோராத இடத்தில் அல்லது ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்யத் தேவையில்லாத இடத்தில், அடையாள அட்டை எண்ணை வாங்கக்கூடாது. பாஸ்போர்ட் எண்ணுக்கும் வேலை அனுமதி எண்ணுக்கும் அதே வழிகாட்டிதான். அறை எடுக்கும்போது பதிவேட்டுக்கு வாங்குவது சட்டப்படியானது. வைஃபைக்கு மறுபடி வாங்குவதற்கு அப்படி ஒரு காரணம் கிடையாது.

தேவையே இல்லாத தகவலைச் சேர்த்து வைத்தால், அதைக் காக்கும் பொறுப்பும் உங்கள் தலையில். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவரின் தகவல் கசிந்து, அது அறிவிக்கவேண்டிய கசிவு என்று நீங்கள் முடிவுசெய்தால், மூன்று நாள்களுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். நாலு பேர் வேலை செய்யும் ஹோட்டலுக்கும் தரவுப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவரை நியமிப்பது கட்டாயம். பெரும்பாலும் அது உரிமையாளராகிய நீங்கள்தான்.

எந்த நேரத்தில் எந்த அறையின் கடவுச்சொல்லுக்கு எந்த முகவரி போனது என்ற பதிவு மட்டும் போதும். அதையும் இத்தனை நாளில் அழியும் என்று கெடு வைத்துவிடுங்கள்.

வெளியே வயர்லெஸ்@எஸ்ஜி இலவச வைஃபை இருக்கிறதே?

2006 முதல் இருக்கும் நல்ல சேவை. ஆனால் அது பொது இடங்களுக்கு. உங்கள் மூன்றாம் மாடிப் பின்னறைக்குள் வராது.

லைன் போனால் மாற்று ஏற்பாடு?

5ஜி அல்லது 4ஜி சிம் போடும் ரௌட்டர் ஒன்றை இரண்டாவது வழியாகச் செருகி வையுங்கள். மேசை இழுப்பறையில் பழைய 3ஜி டாங்கிள் இருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம், 2024-இல் இங்கே 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. சிம்மில் ஓடும்போது விருந்தினரின் உச்சவரம்பை 3 மெகாபிட்டுக்கு இறக்குங்கள். படம் தடுமாறினாலும் அழைப்பு நிற்காது. ஃபைபர் பெட்டி, ரௌட்டர், சுவிட்ச் மூன்றுக்கும் ஒரு சின்ன யுபிஎஸ்.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் கடவுச்சொல். ஒரு ஹோட்டலில் வைஃபை போட்ட நிறுவனம் மொத்த அமைப்பையும் தன் கணக்கிலேயே வைத்துக்கொண்டது. பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம், வெளியே சாலை முழுக்க விளக்கு, அறைகள் அத்தனையும் நிறைந்திருக்கின்றன, உள்ளே நானும் என் உதவியாளும் ஏணியோடு அறை அறையாகக் கதவைத் தட்டி, 14 பெட்டிகளின் முதுகிலும் குண்டூசியால் அழுத்தி வெறுமையாக்கி, முதலிலிருந்து அமைத்தோம். அந்த உரிமையாளர் அம்மா எங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டே விருந்தினர் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை.

ஆகவே கட்டுப்பாட்டுக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பராமரிப்பவர் அந்தக் கணக்கின் உள்ளே வர நீங்கள் அனுமதி கொடுங்கள், வேண்டாதபோது எடுத்துவிடுங்கள். கம்பி வரைபடம், அமைப்பின் நகல், கூடுதலாக ஓர் அக்சஸ் பாயிண்ட் ஆகியவை உங்கள் அலமாரியில் இருக்கட்டும். ஆண்டு உரிமக் கட்டணம் நின்றால் வேலையை நிறுத்திவிடும் பெட்டிகளும் சந்தையில் உண்டு, வாங்குமுன் கேளுங்கள். மென்பொருள் புதுப்பிப்பு எப்போது நடக்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். விடிகாலை நான்கு மணி சரியான நேரம்.

வேலை முடிந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரவு ஒன்பது மணிக்கு, ஹோட்டல் நிறைந்த நாளில், சாதாரண விலைப் போன் ஒன்றோடு போங்கள். அறைக் கதவைச் சாத்துங்கள். கட்டிலில் தலையணைப் பக்கம் படுத்து ஊருக்கு வீடியோ அழைப்புப் போட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். குளியலறையிலும் ஒரு நிமிடம். எல்லா அறையிலும் செய்த பிறகு மீதித் தொகையைக் கொடுங்கள்.

இரவு இரண்டு மணிக்கு நெட் போனால் கவுன்டரில் இருப்பவர் என்ன செய்வது?

நான் அமைத்த இடங்களில் கவுன்டருக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஃபைபர் பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாக மின்னுகிறதா? மின்னினால் இழையில் கோளாறு, சேவை நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள், வேறெதையும் தொடாதீர்கள். சிவப்பு இல்லை, ஆனால் எல்லா அறையிலும் நெட் இல்லையா? ரௌட்டரை மட்டும் அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் போடுங்கள். ஓர் அறையில் மட்டும் இல்லையா? சுவிட்சில் அந்த அறையின் எண் ஒட்டிய கம்பியைப் பிடுங்கி, பத்து எண்ணி, செருகுங்கள், மூன்று நிமிடத்தில் பெட்டி எழுந்துவிடும். அதற்கும் வரவில்லையென்றால் விருந்தினருக்கு வேறு அறை கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். என் எண் தாளின் அடியில் பெரிதாக இருக்கும்.